அலையில்லாத ராஜபாட்டை

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலிருந்து லாரிகள் வரிசை வரிசையாகக் கிளம்புவதைக் காண்கிறவர்கள், இப்பிராந்தியத்தின் வியாபாரம் என்றைக்கும் சக்கரத்தின் மேல்தான் ஓடிற்று என்று எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. கிழக்கே கடலோரம் சென்றால், எண்ணூரிலிருந்து பழவேற்காடு வரையில் கரையை ஒட்டினாற்போல் ஒரு நீர்க்கோடு செல்வதைக் காணலாம். மனிதர் கையால் வெட்டிய அந்தக் கோடுதான் பக்கிங்ஹாம் கால்வாய். ஒரு காலத்தில் இத்திசையின் ராஜபாட்டை அதுவே.

அருகிலேயே கடல் இருக்கக் கால்வாய் எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். சோழமண்டலக் கரையில் அலை ஓய்வதில்லை. ஐப்பசி கார்த்திகையில் புயல் வேறு. கரையோர மணலிலோ மாட்டு வண்டியின் சக்கரம் புதைந்துவிடும். ஆனால், கடலை அடுத்து உப்பங்கழிகள் வரிசையாகக் கிடந்தன. அவற்றை வெட்டி இணைத்துவிட்டால் அலையற்ற நீர்வழி கிடைத்துவிடுமல்லவா? 1806-இல் பேசில் காக்ரேன் என்பவர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை கால்வாய் வெட்டுவித்தார். பின்னர் அது பழவேற்காட்டு ஏரியை எட்டியது. 1837-இல் சர்க்கார் அதை ஏற்றுக்கொண்டது. நாளடைவில் வடக்கே பெத்தகஞ்சாம் முதல் தெற்கே மரக்காணம் வரை சுமார் 260 மைல் நீண்டது.

டச்சுக்காரர் 1613-இல் கோட்டை கட்டித் துணி வாணிகம் செய்த பழவேற்காடு, இக்கால்வாயினால் சென்னைக்கு அண்டை வீடாயிற்று. மீனும் உப்பும் தானியமும் படகேறின. சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் வந்தது. இன்று ராக்கெட் கிளம்பும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அன்று கிளம்பியவை விறகுப் படகுகள்! பட்டணத்து அடுப்புகள் அவற்றை நம்பி எரிந்தன. காற்று வாய்த்தால் பாய் விரிப்பார்கள். இல்லையேல் கழியூன்றித் தள்ளுவார்கள், அல்லது கரைமேல் நடந்து கயிற்றால் இழுப்பார்கள். 1934-இல் நண்பர்களுடன் மாமல்லபுரத்துக்குப் படகில் சென்ற பாரதிதாசன், அப்படி இழுத்த தொழிலாளரின் துயரத்தைத் தம் கவிதையில் வைத்தார்.

வெட்டியவர்களின் துயரமோ அதனினும் பெரிது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாதுவருஷப் பஞ்சம் வாட்டியது. 1877 தொடக்கத்தில் நிவாரண வேலைகளில் ஓர் ஆடவனுக்கு நாட்கூலி ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவுமாகக் குறைக்கப்பட்டது. பஞ்சத்தில் அடிபட்ட அத்தகைய ஜனங்களைக் கொண்டுதான் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே சுமார் ஐந்து மைல் தோண்டி, வடகால்வாயையும் தென்கால்வாயையும் இணைத்தார்கள். 1878-இல் அதற்குப் பெயர் சூட்டினார்கள். கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரைத்தான்! மண் சுமந்தவர்களில் ஒருவர் பெயரேனும் எந்தக் கரையிலும் இல்லை.

1899-இல் சென்னையையும் கூடூரையும் இணைத்து ரயில் வந்தது; பின்னர் லாரி வந்தது. 1965, 1966, 1976 ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. மணல் தூர்ந்தது, படகுகள் அருகின. நகரத்துக்குள் சாக்கடை கலந்தது. எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்ந்தது. நகரத்தில் பறக்கும் ரயிலின் தூண்கள் அதன் மடியிலேயே ஊன்றப்பட்டன.

இத்தனைக்குப் பிறகும் அது தன் கடமையை மறக்கவில்லை. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை பாய்ந்தபோது, பல இடங்களில் வெள்ளத்தைத் தன் வயிற்றில் வாங்கிக்கொண்டு அதன் வேகத்தைக் குறைத்தது. 2008-இல் நான்காம் தேசிய நீர்வழியின் ஓர் அங்கமாகவும் அறிவிக்கப்பட்டது. எனினும், அறிவிப்பினால் படகு மிதப்பதில்லை, நீர் வேண்டும்.

ஆற்றை மழை புதுப்பிக்கும். கால்வாய்க்கு மனிதனே கதி. பசித்த வயிற்றோடு நம் முன்னோர் வெட்டி வைத்ததை, வயிறார உண்ணும் நாம் தூர்த்து வைத்திருக்கிறோம். எண்ணூர்ப் பக்கம் போகிறவர்கள் பாலத்தின் மேல் ஒரு நிமிஷம் நின்று அந்த நீரைப் பாருங்கள். மூக்கைப் பிடித்துக்கொள்ளத் தோன்றினால், குற்றம் கால்வாயினுடையதன்று.