எந்தப் பாதைக்கு எந்த டயர்?

போடிநாயக்கனூரில் மலைக்கு ஏறும் சாலையோரம் ஒரு டயர் கடை இருக்கிறது. வண்டி வந்து நின்றதும் கடைக்காரர் டயர் அளவைக் கேட்பதில்லை. எங்கே ஓட்டுகிறீர்கள் என்றுதான் கேட்கிறார். ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றும் ஜீப்பும், விடுமுறைக்கு மலை சுற்றும் ‘தார்’ வண்டியும் அவர் வாசலில்தான் நிற்கின்றன. இரண்டிலும் ஃபோர் வீல் டிரைவ் உண்டு. தேவைதான் வேறு.

நான் போயிருந்தபோது மதுரை இளைஞர் ஒருவர் பழைய மாடல் தாரோடு வந்திருந்தார். சேற்றுக்கென்றே செய்யப்படும் எம்.டி. டயர்தான் வேண்டும் என்றார்.

“மாசத்துல எத்தன நாள் சேத்துல இறங்குவீங்க தம்பி?”

“ஒரு நாள் எஸ்டேட் ரோட்டுல ஏறுவேன்ணே. மத்தபடி மதுரைக்குள்ளதான்.”

“அப்ப மிச்ச இருபத்தொம்பது நாளும் அது போடுற சத்தத்தக் கேக்கணும்ல?”

எம்.டி. டயரில் துருத்தி நிற்கும் ரப்பர் பட்டன்கள் பெரியவை, அவற்றின் இடைவெளி அகலமானது. சுழலும்போது சேற்றை உதறிவிட்டு மறுபடி மண்ணைக் கவ்வும். அதே இடைவெளியால் தார்ச்சாலையில் ரப்பர் தொடும் பரப்பு குறைகிறது, இரைச்சல் கூடுகிறது, மழையில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்கத் தாமதமாகிறது. மண்ணுக்கும் தார்ச்சாலைக்கும் பொதுவான ஏ.டி. டயர் போதும் என்பது கடைக்காரர் கட்சி.

அடுத்து, 235/70 ஆர் 16-க்குப் பதில் 245/75 ஆர் 16 போடலாமா என்று கேட்டார் இளைஞர். விட்டம் ஏறக்குறைய 735 மி.மீ.யிலிருந்து 774 மி.மீ. ஆகும். வண்டி 19 மி.மீ. உயரும். ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது உண்மை வேகம் 63 இருக்கும். ஏற்றத்தில் இழுவை குறையும், திருப்பத்தில் டயர் உரசவும் கூடும். மாற்றுவதென்றால் நான்கையும் ஒன்றாக மாற்ற வேண்டும். சுற்றளவு வேறான டயர்களோடு ஃபோர் வீல் போட்டால், முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற முயன்று கியர்கள் முறுக்கிக்கொள்ளும். இளைஞர் பழைய அளவிலேயே ஏ.டி.க்கு ஒத்துக்கொண்டார்.

பக்கத்தில் நின்ற தோட்டத்து ஜீப்பில் 6.00-16 நைலான் டயர், உள்ளே ட்யூப். கல் பெரும்பாலும் கிழிப்பது பட்டனை அல்ல, பக்கச்சுவரை. அது தடிமனாக இருந்தால் போதும் என்றார் டிரைவர். சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருக்கிறதா என்று பேலன்சிங் பார்ப்பீர்களா என்று கேட்டேன். “இருவதுல போற வண்டிக்கு எதுக்குண்ணே?” என்று சிரித்தார்.

அவர் சொன்னதில் கணக்கு இருக்கிறது. ரிம் விளிம்பில் 60 கிராம் ஏறுமாறாக இருந்தால், 20 கி.மீ. வேகத்தில் அது கால் கிலோவுக்குச் சற்று மேலான விசையோடு இழுக்கும். வேகம் நான்கு மடங்கானால் விசை பதினாறு மடங்காகும். 80 கி.மீ.யில் ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ நாலரைக் கிலோ. ஸ்டியரிங் உதறுவது அதனால்தான். ஆகவே மதுரைக்குத் திரும்பும் தாருக்கு பேலன்சிங் அவசியம்.

அந்த வேலை ஒரு பையன் கையில். ரிம்மோடு சேர்ந்தால் 25 கிலோவுக்குக் குறையாத சக்கரத்தை முழங்காலில் தாங்கி மெஷினில் ஏற்றுகிறான். அதற்கு முன்பே ரிம்மின் உட்புறத்தில் காய்ந்த மண்ணைச் சுரண்டிவிட்டான். புது டயரின் லேசான பக்கத்தைக் காட்டும் மஞ்சள் புள்ளியை வால்வுக்கு நேராக வைத்துத்தான் மாட்டியிருந்தான். மெஷின் உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் தனித்தனி எண் காட்டியது. ஒரு சக்கரத்துக்கு மட்டும் மிக அதிக எடை கேட்டது. அவன் உடனே ஈய வெயிட்டை எடுக்கவில்லை. காற்றை இறக்கி, டயரை ரிம்மில் அரைச்சுற்றுத் திருப்பி, மறுபடி ஏற்றினான். எண் பாதியாகக் குறைந்தது. மிச்சத்துக்கு, கல் அடித்துத் தட்டிவிடாதபடி ரிம்மின் உட்புறத்தைத் துடைத்து ஒட்டும் வெயிட்டைப் பதித்தான். மெஷின் எடையைத்தான் சொல்லும். டயரைத் திருப்பிப் பார்க்கச் சொல்வது அவன் பழக்கம்.

பணம் வாங்கிக்கொண்டே கடைக்காரர் சொன்னார்: “நூறு கிலோமீட்டர் ஓடுனதும் நட்டெல்லாம் ஒருதடவ டைட் பண்ணிக்கங்க. சேத்துல இறங்கிட்டு வந்து ஸ்டியரிங் உதறுனா, முதல்ல ரிம்முக்குள்ள தண்ணி அடிச்சுக் கழுவுங்க. அதுக்கப்புறமும் உதறுனா மட்டும் இங்க வாங்க.”