மலை மேல் ஒரு காது

ரேடியோ கேட்பதற்கு லைசென்ஸ் வேண்டியிருந்த காலம் ஞாபகமிருக்கிறதா? நாற்பது வயசுக்குக் கீழே இருப்பவர்கள் நம்ப மாட்டார்கள். சின்னதாக ஒரு புத்தகம். வருஷா வருஷம் போஸ்ட் ஆபீஸில் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். எண்பதுகளின் நடுவில்தான் அதற்கு விடுதலை கிடைத்தது. எல்லாவற்றுக்கும் மூலம் 1933-ல் பிரிட்டிஷ் சர்க்கார் போட்ட இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம். உரிமம் இல்லாமல் கம்பியில்லாக் கருவியை 'வைத்திருக்கவே' கூடாது என்றது அது. பேசுவது மட்டுமில்லை, காற்றில் வருவதைக் கேட்பதும் சர்க்கார் பார்த்துக் கொடுக்கிற சலுகைதான் என்பது உள்ளர்த்தம்.

இந்தப் பழைய கதையை ஏற்காட்டில் இருக்கும் என் நண்பருக்குச் சமீபத்தில் எடுத்துச் சொல்ல வேண்டி வந்தது. பாங்க்கில் ரிட்டயர் ஆகி, லேடீஸ் சீட் பக்கம் வீடு வாங்கிக்கொண்டு, நாலு மிளகுக் கொடியும் ஒரு நாயும் வளர்க்கிறவர். அமெரிக்காவிலிருந்து வருகிற மருமகனிடம் 'போலீஸ் ஸ்கேனர்' ஒன்று வாங்கிவரச் சொல்லியிருந்தார்.

"எதுக்குய்யா உனக்கு போலீஸ் பேச்சு?"

"போலீஸ் என்ன பேசினா எனக்கென்ன. ரோடு திறந்திருக்கான்னு தெரியணும்."

காரணம் இருந்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, வலுவிழந்து, உள் மாவட்டங்களில் வந்து கொட்டித் தீர்த்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். ஏற்காட்டில் 20-க்கு மேல். மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்தினார்கள். நண்பர் வீட்டில் கரண்ட் இல்லை. மொபைல் சார்ஜ் தீர்ந்துபோனது. மனைவிக்கு இன்சுலின் இரண்டு நாளைக்குத்தான் இருந்தது.

"20 கொண்டை ஊசியில எந்த வளைவுல சரிஞ்சிருக்கு, குப்பனூர் வழியாவது இறங்க முடியுமா, ஒண்ணும் தெரியலை. ராத்திரி மேகம் கொஞ்சம் விலகிச்சு. கீழே சேலம் லைட்டு தெரியுது. கையெட்டற தூரத்துல அவ்வளவு பெரிய ஊர். அங்கேயிருந்து ஒரு வார்த்தை கேட்க முடியலைய்யா."

மறுநாள் பக்கத்து எஸ்டேட் ஜீப் ஒன்று எப்படியோ இறங்கி மருந்து வாங்கி வந்துவிட்டது. அந்த ராத்திரி மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. அதனால்தான் ஸ்கேனர்.

ஸ்கேனர் என்பது பெரிய மர்மமில்லை. ஓயாமல் ஸ்டேஷன் மாற்றிக்கொண்டே இருக்கும் ரேடியோ, அவ்வளவுதான். நூறு அலைவரிசைகளை நினைவில் போட்டு வைத்தால் வினாடிக்குப் பத்திருபதாகத் தட்டித் தட்டிப் பார்க்கும். எங்கே பேச்சுச் சத்தம் வருகிறதோ அங்கே நின்று கேட்கும். பேச்சு முடிந்ததும் மறுபடி ஓட ஆரம்பிக்கும். நம்ம ஊர் கூர்க்கா ஒவ்வொரு கேட்டாகத் தட்டிப் பார்த்துப் போகிற மாதிரி. ஆரம்ப காலத்தில் ஒவ்வொரு அலைவரிசைக்கும் தனித்தனியாக ஒரு கிரிஸ்டல் வாங்கிச் செருக வேண்டும். அப்புறம் எண்ணைத் தட்டினால் போதும் என்றானது. 2010-ல் யூனிடன் கம்பெனி 'ஹோம்பேட்ரோல்' என்று ஒன்று கொண்டுவந்தது. அதில் அந்தத் தொல்லையும் இல்லை. உங்கள் ஊர் ஜிப் கோடைப் போட்டால், அந்த வட்டாரத்து போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் அலைவரிசைகளை அதுவே எடுத்து வைத்துக்கொள்ளும். நண்பர் இதைத்தான் கேட்டிருந்தார்.

"ஏற்காட்டு பின்கோடு 636601-ஐப் போட வேண்டியதுதானே?"

போடலாம். அமெரிக்க ஜிப் கோடுக்கு ஐந்து எண்தான். அதன் பெட்டகத்தில் இருப்பது அமெரிக்காவும் கனடாவும். கடைசி 1-ஐ விட்டுவிட்டு மீதியைக் கொடுத்தால், 636-ல் தொடங்குவதெல்லாம் மிசௌரி மாநிலம் என்பதால், அங்கே ஏதோ ஒரு ஷெரிஃப்பின் குரலைச் சேர்வராயன் மலையில் உட்கார்ந்து தேடிக்கொண்டிருக்கும்.

சரி, அலைவரிசை தெரிந்து நாமே கைப்பட ஏற்றினால்? அங்கேதான் சட்டம் வருகிறது. 1933 சட்டத்தின் இடத்தில் உட்கார வந்தது 2023-ம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம். அதன் 42-வது பிரிவு 2024 ஜூனில் அமலுக்கு வந்துவிட்டது. ஒரு செய்தியைச் சட்டவிரோதமாக இடைமறித்தால் மூன்று வருஷம் வரை சிறை, அல்லது இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ரோடு திறந்திருக்கா என்று தெரிந்துகொள்ள இரண்டு கோடி கொஞ்சம் அதிகம்.

'காற்றில் வருவதுதானே, என் வீட்டுக்குள் வந்து விழுந்ததை நான் கேட்டால் என்ன?' என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அமெரிக்காவில் ஏறக்குறைய இந்த வாதம்தான் ஜெயித்திருக்கிறது. அங்கேயும் செல்போன் பேச்சுக்கு விலக்கு உண்டு. 1994-க்குப் பிறகு அந்த அலைவரிசைகளைப் பிடிக்கிற ஸ்கேனரைத் தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ கூடாது. பிரிட்டனில் ஸ்கேனரை வாங்கலாம், வைத்திருக்கலாம், போலீஸ் பேச்சைக் கேட்டால் குற்றம். (கத்தி வாங்கலாம், குத்தக் கூடாது என்கிற மாதிரி.) போலீஸ் பேச்சில் யாரோ ஒருவரின் வீட்டு விலாசம் வரும், விபத்தில் அடிபட்டவர் பெயர் வரும். என் வீட்டுக் கஷ்டம் பக்கத்து வீட்டு ஸ்பீக்கரில் ஒலிப்பதை நான் விரும்ப மாட்டேன். இந்த விஷயத்தில் நான் சட்டத்தின் கட்சி.

தவிர, அந்தக் காதுக்கு வேலையும் குறைந்து வருகிறது. உலகமெங்கும் போலீஸ் ரேடியோ டிஜிட்டலுக்கு மாறி, பேச்சைப் பூட்டிவிடுகிறது. நியூயார்க் போலீஸ்கூட 2023-ல் பூட்ட ஆரம்பித்தது. பல வருஷமாக அதைக் கேட்டே செய்தி பிடித்த நிருபர்கள் சத்தம் போட்டார்கள். பூட்டிய அலைவரிசையில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்கேனரிலும் 'கொர்ர்ர்' என்றுதான் கேட்கும்.

நண்பர் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப மலை மேல இருக்கறவன் செவிடாவே இருக்கணுமா?"

இல்லை. மலை மேல் இருக்கிறவனுக்குத்தான் நல்ல காது. போலீஸ், தீயணைப்பு, ஹாம் எல்லாரும் புழங்குகிற வி.ஹெச்.எஃப். அலை ஏறக்குறைய கண் பார்வை மாதிரி நேர்கோட்டில் போகும். எவ்வளவு தூரம்? உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர். சேலம் சமவெளி 280 என்று வைத்துக்கொண்டால் நிகர உயரம் 1,220. வர்க்கமூலம் கிட்டத்தட்ட 35. பெருக்கினால் 144 கிலோமீட்டர். ஈரோடு, நாமக்கல், கரூர், தருமபுரி எல்லாம் உள்ளே வந்துவிடும். சென்னையில் மொட்டை மாடியில் நின்று ஏரியல் கட்டுகிறவனுக்கு இருபது கிலோமீட்டர் தேறினால் பெரிசு.

இதில் இரண்டு வில்லங்கம் உண்டு. ஒன்று, வீடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது. லேடீஸ் சீட் சேலத்தைப் பார்க்கிறது, சரி. நாகலூர்ப் பக்கம் இருக்கிறவருக்கு நடுவில் மலையே மறைக்கும். இரண்டாவது, உயரத்தில் எல்லாமே கேட்கும், வேண்டாததும். சுற்றியிருக்கிற டவர்கள் எல்லாம் ஒரே சமயத்தில் கத்தினால் மலிவான கருவி திணறிப்போய் இல்லாத ஸ்டேஷனைக்கூடக் காட்டும். அதனால் வாங்கும்போது எத்தனை ஆயிரம் சேனல் என்று பார்க்காதீர்கள். பலமான சிக்னலுக்குப் பக்கத்தில் பலவீனமானதைப் பிரித்தெடுக்குமா, ஏ.ஏ. பேட்டரியில் ஓடுமா என்று பாருங்கள். கரண்ட் போன பிறகுதானே அதற்கு வேலையே.

சட்டப்படி பேசவும் கேட்கவும் நம் நாட்டில் ஒரு கதவு இருக்கிறது. ஹாம் ரேடியோ. பன்னிரண்டு வயசு ஆனால் போதும், தேர்வு எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் கட்டு-கடா தேவையில்லை. கொஞ்சம் எலெக்ட்ரிசிட்டி, கொஞ்சம் விதிமுறை. பாஸானால் வி.யு.3-ல் தொடங்கும் அழைப்புக் குறி உங்கள் பெயருக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். ராஜீவ் காந்தி வி.யு.2.ஆர்.ஜி. ஆக இருந்தார் என்றதும் நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவரை அசைத்தது அதைவிட அந்தமான் கதைதான். 2004 டிசம்பரில் ஹைதராபாத் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்திலிருந்து பாரதி பிரசாத் என்ற பெண்மணி, வி.யு.2.ஆர்.பி.ஐ., ஒரு குழுவோடு போர்ட் பிளேர் போயிருந்தார். போனது பொழுதுபோக்குக்கு. அந்தமானிலிருந்து பல வருஷமாக ஹாம் சத்தமே இல்லாததால், அங்கிருந்து பேசினால் உலகமெங்கும் ஹாம்கள் வரிசையில் நிற்பார்கள். 26-ம் தேதி காலையில் பூமி ஆடியது. அப்புறம் சுனாமி. தொலைபேசி செத்தது. வேடிக்கைக்குக் கொண்டுபோன கருவிகள் அதே நாளில் வேலைக்கு வந்தன. தீவுகளுக்கும் மெயின்லாண்டுக்கும் நடுவே 'இன்னார் உயிரோடு இருக்கிறார்' என்கிற செய்திகள் அவர்கள் வழியாகப் போயின. ஒவ்வொரு செய்திக்கும் எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் தூங்காமல் காத்திருந்தார். 2015 சென்னை வெள்ளத்திலும், 2018 கேரள வெள்ளத்திலும் ஹாம்கள் இதே வேலையைச் செய்தார்கள்.

"அப்போ லைசென்ஸ் வர்ற வரைக்கும்?"

பேப்பர் எடுத்து எழுதச் சொன்னேன். பேட்டரி ரேடியோ ஒன்று. அதில் கொடைக்கானல் பண்பலை 100.5. கொடைக்கானல் நேர்கோட்டில் 190 கிலோமீட்டர் இருக்கும். இரண்டு பக்கமும் உயரம் என்பதால் தெற்கே திறந்திருக்கிற வீட்டில் எடுக்க வேண்டும். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநிலத்துக்கு 1070, ஆம்புலன்ஸ் 108. சார்ஜ் ஏற்றி வைத்த பவர் பேங்க் இரண்டு. அக்டோபர் பிறந்தால் ஒரு மாச இன்சுலின், கரண்ட் போனால் அதைக் குளிர்ச்சியாக வைக்க ஒரு மண்பானை. கடைசி வரியைப் படித்த அவர் மனைவி, "ஸ்கேனருக்கு முன்னாடி இதை எழுதியிருக்கலாமே" என்றார்.

போன மாதம் சேலத்து ஹாம் நண்பர் ஒருவரை அவர் வீட்டுக்கு அழைத்துப் போனேன். லைசென்ஸ் உள்ளவர். கையடக்கக் கருவியோடு வந்த குட்டை ஏரியலைக் கழற்றிவிட்டு, 49 சென்டிமீட்டர் கம்பி ஒன்றை மாட்டினார். 145 மெகாஹெர்ட்ஸ் அலையில் அது கால் பங்கு. (இடி இடித்தால் இந்தக் கம்பியோடு வெளியே நிற்கக் கூடாது என்று நாய் உட்பட எல்லாரையும் எச்சரித்தார்.) 145.500-ஐ முதல் சேனலில் போட்டார். ஹாம்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடுகிற இடம். அடுத்ததில் 145.800. சர்வதேச விண்வெளி நிலையம் தலைக்கு மேல் போகும்போது சில சமயம் அதில் குரல் வரும். அப்புறம் பக்கத்து ரிப்பீட்டர்கள், ஒவ்வொன்றுக்கும் அதைத் திறக்கிற மெல்லிய ஒலிக்குறி. அது இல்லாவிட்டால் ரிப்பீட்டர் நம்மைக் கண்டுகொள்ளாது. ஸ்குவெல்ச்சைத் திருகி இரைச்சல் அடங்கும் இடத்தில் நிறுத்தினார்.

இருபது நிமிஷம் ஒன்றுமில்லை. காபி வந்தது. பிறகு பச்சை விளக்கு எரிந்து, ஒரு குரல் தன் அழைப்புக் குறியைச் சொல்லி, கரூரிலிருந்து பேசுகிறேன் என்றது. எங்கள் ஹாம் பதில் கொடுத்து, ஏற்காட்டிலிருந்து என்றார்.

"மலை மேலயா? அங்கே மழைங்களா?"

நண்பர் எழுந்து ஜன்னலுக்குப் போய் வெளியே கையை நீட்டிப் பார்த்தார். இன்னும் லைசென்ஸ் வராதவர் என்பதால் மைக்கைத் தொடாமல், "தூறல்னு சொல்லுங்க சார், ரோடு திறந்துதான் இருக்கு" என்றார்.

தேர்வுக்கு அவரோடு பக்கத்து வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பையனும் படிக்கிறான். ஓம் விதியை அவன்தான் இவருக்குச் சொல்லிக்கொடுக்கிறான்.