பந்தியும் பலகாரத் தட்டும்

ஈஸ்டர் தேர் நிலைக்கு வந்துவிட்டால் எங்கள் ஆவூரில் கல்யாண வேலைகள் களைகட்டும். தவக்காலம் முழுக்க அடங்கிக் கிடந்த ஊர் அது. கொட்டு மேளம் கிடையாது, வெள்ளிக்கிழமைகளில் கறிச்சட்டி அடுப்பேறாது. பாஸ்கா நாடகம் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் தேரையும் பார்த்துவிட்டு அப்படியே திண்ணைகளில் தங்கிவிடுவார்கள். கோயிலில் கல்யாண ஓலை வாசித்து முடித்த வீடுகளில் பந்தல்கால் நடுவார்கள். விருந்தாளிகள் ஏற்கெனவே ஊருக்குள் இருக்கிறார்கள், எப்படியும் சோறு போட்டுத்தான் ஆக வேண்டும், அதோடு கல்யாணத்தையும் முடித்துவிடுவோம் என்ற கணக்கு அதில் உண்டு. சிக்கனத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை.

கோயில் என்றால் எங்களுக்குப் பெரியநாயகி மாதா கோயில். 1697-இல் இங்கே மறைப்பணியைத் தொடங்கியவர் பிரெஞ்சு சேசு சபைத் துறவி வெனான்சியுஸ் பூஷே. பழைய ஆவூர்க் கோயில் அழிந்தபின் 1747-இல் எழுந்ததுதான் இப்போதிருக்கும் கோயில். மதுரை மிஷன் சாமியார்களின் வழக்கப்படி பூஷேயும் காவி உடுத்தி மரக்கறி உண்டு வாழ்ந்தவர். அவர் கால் வைத்த ஊரில் கறிக்குழம்பு இல்லாத கல்யாணத்தை யாரும் கல்யாணமாக மதிப்பதில்லை. சாமியார் மன்னிப்பாராக.

போன மாதம் தம்பி மகள் திருச்சியிலிருந்து போன் செய்தாள். "பெரியப்பா, ரிசப்ஷனுக்கு ஃபுல் டின்னர் வைக்கிறதா, ஸ்டார்ட்டர்ஸ் மட்டும் வச்சு முடிச்சிடலாமா? கையில இருக்குற பணத்துக்கு ரெண்டுல ஒண்ணுதான் முடியும்" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். யோசனை போனது என்னவோ அப்பாயியின் கூடத்துக்கு.

அப்பாயிக்கு இரண்டு பெண்கள். பெரிய அத்தைக்குக் கல்யாணம் நடந்தது 1966-இல். அரிசி கண்ணில் படாத காலம். அதற்கு முந்தைய வருடம்தான் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, திங்கட்கிழமை இரவில் ஒரு வேளைச் சோற்றை விடுங்கள் என்று நாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார். பட்டணங்களில் ஓட்டல்கள்கூடத் திங்கள் இரவு மூடிக் கிடந்தன. அப்பாயி இதைக் கேட்டுவிட்டு, "நமக்கு எல்லாக் கெழமையும் திங்கக்கெழமதான்" என்றாளாம். கல்யாணத்துக்கு அடுத்த வருடம் தேர்தலில் ஆட்சியே மாறியதற்கு அரிசியும் ஒரு காரணம். அண்ணா ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று கொடுக்கத் தொடங்கினார். ஆனால் அந்தப் படி சென்னையையும் கோவையையும் தாண்டவில்லை, ஆவூருக்கு அது செய்தியாக மட்டும் வந்தது.

ஆக, பெரிய அத்தையின் கல்யாணத்தில் பந்தி இல்லை. பூசை முடிந்து வந்தவர்களுக்குத் தட்டைப்பயற்றுச் சுண்டலும் கருப்பட்டிக் காப்பியும் கொடுத்தார்கள். யாரும் குறை சொல்லவில்லை. சொல்லும் நிலையில் யாரும் இல்லை. அப்பாயிதான் மனசு ஆறாமல் ஒரு காரியம் செய்தாள். மொய் எழுதும் மேசையையே போட விடவில்லை. ஊரில் பத்துப் பதினைந்து வருடமாக அவள் வீடு வீடாகச் செய்திருந்த மொய்ப்பணம் திரும்பி வரவேண்டிய நாள் அது. அதை வேண்டாம் என்று விட்டாள்.

சின்ன அத்தைக்கு 1978-இல் மாப்பிள்ளை அமைந்தார். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. மாப்பிள்ளையின் அப்பா வேட்டி நுனியைப் பிடித்தபடி, ரொம்பப் பதமாகப் பேச்சை எடுத்தார்.

"எங்க பக்கமெல்லாம் இப்ப சாயங்காலம் ஒரு டீ பார்ட்டி வச்சு முடிச்சிர்றது சம்பந்தி. ஒரு இனிப்பு, ஒரு காரம், ஒரு பழம். உங்களுக்கும் செலவு கொறையும்."

நல்ல மனசோடு சொன்னதுதான். தாத்தா தலையாட்டப் போனார். உள்ளேயிருந்து அப்பாயியின் குரல் வந்தது.

"காப்பித்தண்ணியக் குடுத்துட்டு மொய் வாங்க எனக்குக் கை வராதுங்க. நடந்து வர்றவுக பசியோட வருவாக. கலியாண வீட்டுக்கு வந்துட்டு வீட்டுல போயா சோறாக்கச் சொல்றது?"

இந்த மூன்று வாக்கியத்தில் முழுக் கணக்கும் இருந்தது. பொன்மலையில் ரயில்வே குடியிருப்பில் இருப்பவர், பார்ட்டி முடிந்து பத்து நிமிடத்தில் வீட்டுக்குப் போய்விடுவார். ராத்திரிச் சோறு வீட்டில் காத்திருக்கும். ஆவூர்க் கல்யாணத்துக்கு வருகிறவர் மலம்பட்டிப் பக்கமிருந்து நடந்து வருவார், இல்லையென்றால் மாத்தூரில் இறங்கி எது கிடைக்கிறதோ அதில் ஏறி வருவார். திரும்பிப் போய் அடுப்பு மூட்ட அவருக்குப் பொழுது இருக்காது. சோறா பலகாரமா என்பதைத் தீர்மானித்தவை தூரமும் நேரமும். பணம் அதற்குப் பின்னால்தான் வந்தது. இன்றைக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். ஏழரை மணிக்கு அழைத்துவிட்டுக் கையில் இரண்டு கட்லெட்டைக் கொடுத்தால் அதற்குச் சிக்கனம் என்று பேர் வைக்க முடியாது.

பெரியப்பா காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டார். கிலோ அரிசிக்கு எட்டுப் பேர் என்பது சமையல்காரர் சொன்ன கணக்கு. "நம்மாளுகளுக்கு ஏழுன்னு போடு" என்றார் தாத்தா. இலைதான் பெரிய தலைவலி. எங்களுடையது வானம் பார்த்த பூமி, வாழை கிடையாது. திருச்சி காந்தி மார்க்கெட்டிலிருந்து கட்டுக் கட்டாக வரவேண்டும், வந்து இறங்கும்போது பாதி கிழிந்திருக்கும். அதனால் முதல் பந்திக்கு மட்டும் வாழை இலை, மற்றவற்றுக்குத் தையல் இலை என்று ஏற்பாடு. முதல் பந்தியில் உட்காருவதற்கு நடந்த தள்ளுமுள்ளில் இந்த இலைக்கும் பங்கு உண்டு.

கடைசியில் இரண்டுமே நடந்தன. மத்தியானம் ஊருக்குக் கறிச்சோறு. சாயங்காலம் பந்தலில் மைக் செட்டோடு, மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் ஆசைப்பட்டபடி பலகாரத் தட்டு. இதில் சோற்றுக்குத்தான் பெரியப்பா கடன் வாங்கினார். பலகாரத்துக்கு ஏறக்குறைய ஒன்றுமே ஆகவில்லை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒன்றுமே ஆகவில்லை என்பதை நான் கண்ணால் பார்த்தேன். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போதே பச்சரிசியை ஊறவைத்து நிழலில் உலர்த்தினார்கள். உரலுக்கு இரண்டு பேர், மாற்றி மாற்றி உலக்கை. இடிக்க இடிக்கச் சலிப்பது ஒரு பெரியம்மா. சலித்த மாவில் வெல்லப்பாகை ஊற்றிக் கிளறி, அதிரச மாவைப் பானையில் அடைத்துச் சில நாள் புளிக்கவிட்டார்கள். பாகு பதம் பார்ப்பதற்கு ஊரில் ஒரே ஒரு கிழவிதான். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பாள். அவள் தலையாட்டும் வரை அடுப்பில் யாரும் கை வைக்கக் கூடாது. எண்ணெய் எங்கள் கொல்லையில் விளைந்த கடலை, மில்லில் கொடுத்து ஆட்டியது. விறகு வேலிக்கருவை. காசு கொடுத்து வாங்கியவை வெல்லமும் சீனியும்தான்.

முறுக்கு சுட்ட ராத்திரி இன்னும் நினைவிருக்கிறது. முற்றத்தில் மூன்று அடுப்பு. எங்களுக்கு மேற்கே மணப்பாறை இருப்பதால் முறுக்கைப் பற்றி எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் கொஞ்சம் தாழ்வு மனப்பான்மை உண்டு. "அங்க தண்ணி உப்பு, அதான் ருசி" என்று தங்களுக்குத் தாங்களே சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். மணப்பாறைக்காரர்கள் ஒரே முறுக்கை இரண்டு தடவை எண்ணெயில் போட்டு எடுப்பார்கள். 2023-இல் அந்த முறுக்குக்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. எங்கள் பெண்களின் முறுக்குக்குக் குறியீடு எதுவும் இல்லை. உடைந்தவற்றைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள் என்பதால், நன்றாக உடையட்டும் என்று நாங்கள் சுற்றி நின்று வேண்டிக்கொண்டோம். பிழிகிற கை ஓய்ந்தால் அடுத்த கை அச்சை வாங்கிக்கொள்ளும். பேச்சு, சிரிப்பு, நடு நடுவே யாரோ ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு புகையைத் திட்டுவது. பாதி ராத்திரிக்கு மேல் தகர டின்களில் அடுக்கி, மூடியைச் சுற்றித் துணி கட்டினார்கள்.

அந்தப் பெண்களில் பலர் காலையில் கடலைக் காட்டுக்குக் கூலிக்குப் போய்விட்டு வந்தவர்கள். அவர்களுக்குக் கூலி இல்லை. ஒரு சொளகு முறுக்கும், நாளைக்கு உன் வீட்டில் விசேஷம் என்றால் நானும் வருவேன் என்ற சொல்லாத வாக்கும்தான். மொய் நோட்டில் ஆண்கள் எழுதிய பதினொன்றும் இருபத்தொன்றும் இன்றுவரை இருக்கின்றன. உலக்கை பிடித்த ராத்திரிகளை எந்த நோட்டிலும் யாரும் எழுதவில்லை. பெரியப்பா பலகாரம் சும்மா வந்தது என்றார், நாங்களும் அப்படியே நம்பினோம்.

இப்போது கணக்கு அப்படியே தலைகீழ். தம்பி மகள் இரண்டு மூன்று கேட்டரிங்காரர்களிடம் விசாரித்திருக்கிறாள். ஸ்டார்ட்டர்ஸ் மட்டும் என்றால் பாதிச் செலவில் முடியும் என்று நினைத்தவளுக்கு அதிர்ச்சி. கோபி 65, பனீர் டிக்கா, மினி ஊத்தப்பம், பானிபூரி எல்லாம் சேர்ந்தால் சாப்பாட்டு இலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. நிற்காமல் என்ன செய்யும்? ஒரு அண்டாச் சாம்பாரை ஒரு மாஸ்டர் கிண்டிவிடுவார். ஐந்து வகைப் பொரித்த பண்டத்துக்கு ஐந்து பேர் நின்று சுட வேண்டும். லைவ் கவுண்டர் என்றால் அவருக்குத் தொப்பியும் கையுறையும் சேர்த்து. வயிற்றை நிரப்புவதில் சோற்றை மிஞ்ச மலிவான பொருள் இல்லை, சின்னச் சின்னதாகச் செய்வதற்கெல்லாம் கைகள் வேண்டும். அந்தக் கைகளுக்கு இப்போது கூலி உண்டு. உண்டு என்பதில் எனக்கு வருத்தம் இல்லை, அன்றைக்கே கொடுத்திருக்க வேண்டியதுதான்.

விருந்தைச் சுருக்கியவர்கள் எல்லாருக்கும் ஒரே காரணம் இருந்ததில்லை. 1928-இல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. அதன்பின் அந்த இயக்கத்தார் சடங்கோடு ஆடம்பரச் செலவையும் சேர்த்தே எதிர்த்தார்கள், கடன் வாங்கிப் பந்தி போடாதே என்பது அவர்கள் கொள்கை. போர்க்கால பிரிட்டனில் 1940-இல் கேக்கின் மேல் சர்க்கரைப் பூச்சுக்கே தடை வந்தபோது, அட்டையில் செய்த பெரிய கேக்கை வாடகைக்கு வாங்கி மேசைமேல் வைத்து, அடியில் சின்னக் கேக்கை ஒளித்துவைத்தார்களாம். இதைப் படித்தபோது எனக்கு அப்பாயிதான் நினைவுக்கு வந்தாள். அவள் அட்டைக் கேக்குக்குச் சம்மதித்திருக்க மாட்டாள். இல்லை என்றால் இல்லை என்று மேசையை எடுத்துவிடுவாள்.

மொய்யைச் சொல்லாமல் எங்கள் மாவட்டத்தில் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. கிழக்கே கீரமங்கலம், வடகாடு பக்கம் கல்யாணமே இல்லாமல் மொய்க்காக மட்டும் விருந்து வைப்பார்கள். ஆடி, ஆவணியில் பந்தல் போட்டு, ஆட்டுக்கறிச் சோறு போட்டு, பல பேர் சேர்ந்து ஒரே இடத்தில் மொய் வாங்குவார்கள். ஒரு வீட்டுக்கு லட்சக்கணக்கில் சேரும், அதை வைத்துக் கிணறு வெட்டுவார்கள், தொழில் தொடங்குவார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்துப்போட்டபோது அந்தச் சுழற்சியும் தடுமாறியது. அங்கே யாராவது ஸ்டார்ட்டர்ஸ் மட்டும் என்று சொல்லிப் பார்க்கட்டும்! சோறுதான் அங்கே பத்திரத்தில் போடும் கையெழுத்து. எங்கள் மேற்குப் பக்கத்தில் அவ்வளவு பெரிய அளவில் இல்லாவிட்டாலும் மனக்கணக்கு அதேதான். 1978-இல் அப்பாயி கறிச்சோற்றுக்கு அடம்பிடித்ததில் மானம் பாதி என்றால், 1966-இல் விட்டுவிட்ட மொய் மீதிப் பாதி. வந்தார்கள், சாப்பிட்டார்கள், பழசையும் சேர்த்தே எழுதினார்கள். பெரியப்பா வாங்கிய கடனில் பெரும்பகுதி அன்று ராத்திரியே அடைந்தது.

2020-இல் கொரோனா வந்து, கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்று அரசாங்கம் சொன்ன மாதங்களில், ஆவூரிலும் சத்தமில்லாமல் சில கல்யாணங்கள் நடந்தன. சாப்பாட்டைப் பொட்டலமாக வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மொய் போனில் வந்தது. செலவு மிச்சம் என்று பெண்ணைப் பெற்றவர்கள் வெளியே சொல்லாமல் சந்தோஷப்பட்டார்கள்.

தம்பி மகளுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: முதலில் நேரத்தைக் குறி, சாப்பாடு தானாக முடிவாகும். அவள் ரிசப்ஷனை ஊரிலேயே, சாயங்காலம் நாலரை மணிக்கு வைத்துவிட்டாள். பானிபூரி கிடையாது. குழிப்பணியாரம், காரச் சட்னி, ஒரு அதிரசம், சுக்குக் காப்பி. ஆறரைக்குள் முடித்துவிட்டால் திருச்சிக்காரர்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். தூரத்திலிருந்து வருகிறவர்களுக்கு மட்டும் மத்தியானமே வீட்டில் சாப்பாடு. பணியாரத்துக்கு ஊரிலேயே நாலு பெண்களைக் கூலி பேசி அமர்த்தியிருக்கிறாள். பேசிய கூலியைக் கேட்டு என் தம்பி முகம் சுளித்தான், நான் பேசாமல் இருந்தேன்.

பத்திரிகையில் 'அன்பளிப்பைத் தவிர்க்கவும்' என்று ஒரு வரி போட்டிருந்தாள். அது அச்சுக்குப் போன பிறகு தம்பி மனைவி அச்சகத்துக்குப் போன் போட்டு எடுக்கச் சொல்லிவிட்டாள். பழைய நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, இத்தனை வீட்டுக்கு எழுதியிருக்கிறோம், அதையெல்லாம் யார் தலையில் எழுதுவது என்று கேட்கிறாள். பணியாரத்துக்கு மொய் எழுதுவார்களா என்று தம்பிக்குச் சந்தேகம். கூட ஒரு முட்டை பிரியாணியாவது போட்டுவிடலாமா என்று நேற்று ராத்திரி என்னைக் கூப்பிட்டுக் கேட்டான்.