வன்னி இலைச் சம்பளம்

"சொந்த ஊர் மங்களூர்" என்றாலே ஆபீஸில் மீன் குழம்பு பற்றி விசாரிக்கிறார்கள். அது கர்நாடகா, ஸார்! நம்முடையது கடலூர் மாவட்டம், விருத்தாசலம் பக்கம். மக்காச்சோளமும் வெயிலும்தான் அமோகம்.

அந்த வெயிலைக் குறைக்க எங்கள் தெருவில் நானும் ஒரு வேப்பங்கன்று நட்டேன். மண்வெட்டி பிடித்து, போட்டோவுக்குச் சிரித்து, கைதட்டல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். பொங்கலுக்குப் போனால் கூண்டு மட்டும் நிற்கிறது!

"நட்டுட்டு நீ போயிட்ட. தண்ணி யாருடா ஊத்துறது?" என்றாள் அம்மா.

அந்தக் கேள்வி உறுத்த, சென்னை திரும்பியதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பறக்கும் ரயிலில் கோட்டூர்புரம் போய் இறங்கினேன். அடையாற்றங்கரையில் மரப் பூங்கா. ஒரு காலத்தில் அங்கே குப்பைதான் கொட்டிக் கிடந்தது. 2006-ல் 'நிழல்' அமைப்பின் தன்னார்வலர்கள் பொதுப்பணித் துறை நிலத்தில் கன்றுகளை நட்டு வளர்க்க ஆரம்பித்தார்கள். இப்போது நம்மூர் மரங்களால் ஆன குட்டிக் காடு!

வேடிக்கை பார்க்கப் போன என் கையில் ஒரு பெரியவர் மண்வெட்டியைத் திணித்தார். பத்தே நிமிடத்தில் உள்ளங்கையில் கொப்புளம்! பாத்தி கட்டி, காய்ந்த இலைகளை மூடாக்காகப் போடச் சொன்னார். ஈரம் காயாதாம், இலையே மக்கி உரமாகிவிடுமாம். "மரத்துல ஆணி அடிச்சு போர்டு மாட்டாதீங்க தம்பி. பட்டைக்கு அடியிலதான் அதுக்குச் சாப்பாடு போற வழி" என்றார். காலேஜ் வரைக்கும் படித்த பி.காமில் இதெல்லாம் ஏது?

கிளம்பும்போது ஒன்று கேட்டார். "அடுத்த ஞாயிறும் வருவீங்களா?"

விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலில் ஒரு வன்னி மரம் உண்டு. திருப்பணி செய்தவர்களுக்கு விபசித்து முனிவர் அதன் இலைகளைக் கூலியாகக் கொடுத்தார். அவரவர் உழைப்புக்கு ஏற்ப அவை பொன்னாக மாறின என்பது தலபுராணம். என் போட்டோ உழைப்புக்கு இலை இலையாகவே இருந்திருக்கும்!

அன்று ராத்திரியே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"இன்னொரு கன்று வைக்கலாம்மா. மாசம் ரெண்டு தடவை நான் வந்து பாத்துக்கறேன். மத்த நாளைக்கு எதிர்வீட்டுப் பசங்க ஆளுக்கொரு குடம். பாத்தி, மூடாக்கெல்லாம் நானே அவங்களுக்குச் சொல்லித் தர்றேன்."

கொஞ்ச நேரம் பதிலே இல்லை.

"குடம் இருக்குடா. போட்டோக்காரர்தான் இல்லை. பரவாயில்லையா?"