தேநீர்க் கோப்பையின் மேல் ஒரு பிஸ்கட்

நெதர்லாந்தின் கௌடா நகரம் பாலாடைக்கட்டிக்குப் பேர் போனது. ஆனால், ரயிலை விட்டிறங்கிச் சந்தைத் திடலை நோக்கி நடந்தால் மூக்கை முதலில் இழுப்பது வேறொன்று: வெண்ணெயும் பட்டையும் சூடாகும் மணம். ஸ்ட்ரோப்வாஃபல் பிஸ்கட் பிறந்த ஊர் இது.

'ஸ்ட்ரோப்' என்றால் டச்சு மொழியில் பாகு. மாவு உருண்டையைச் சூடான இரும்பு அச்சில் வைத்து அழுத்துகிறார்கள். சீனப் புத்தாண்டுக்கு நம் அண்டை வீடுகளில் குவே காப்பிட் சுடுவார்களே, ஏறக்குறைய அதே வேலைதான். இது சற்றுத் தடிமன். வெந்தவுடன் கத்தியால் இரண்டு மெல்லிய தகடுகளாகப் பிளந்து, நடுவில் பாகைத் தடவி மூடிவிடுகிறார்கள். சூடு ஆறுவதற்குள் முடிக்க வேண்டும்; ஆறினால் நொறுங்கிவிடும்.

பேக்கரிகளில் மிஞ்சிய தூளையும் துணுக்குகளையும் வீணாக்காமல், பாகு சேர்த்துச் செய்ததுதான் இதன் தொடக்கம் என்பார்கள். சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் ஏழைகளின் தின்பண்டமாக இருந்தது, இன்று நாட்டின் அடையாளம்.

என் தம்பி டெல்ஃப்ட் நகரில் இரண்டு ஆண்டுகள் படித்தான். பெட்டாலிங் ஜெயா திரும்பியதிலிருந்து இந்த பிஸ்கட் ஏக்கம்தான். பேரங்காடியில் பாக்கெட் கிடைத்தால் வாங்கி வருவான். ஒரு கடி கடித்துவிட்டு, "ருசி இருக்குக்கா, ஆனா அது இல்ல" என்பான்.

சென்ற ஆண்டு அம்மாவையும் அழைத்துக்கொண்டு மூவரும் கௌடா போனோம். காகிதத்தில் சுற்றிய சூடான ஸ்ட்ரோப்வாஃபலை அம்மா கையில் வாங்கினார். "இதுக்காகவா இவ்வளவு தூரம்?" என்றவர், முழுவதையும் தின்று முடித்தார்.

அப்போதுதான் தம்பி சொன்னான்: "மொத குளிர்காலத்துல படிப்ப விட்டுட்டு வந்துடலாம்னு இருந்தேம்மா. சனிக்கிழமை ஆனா இங்க வந்து, இத வாங்கித் தின்னுட்டு, ரூமுக்குத் திரும்பிடுவேன்."

"போன்ல நல்லா இருக்கேன்னுதானே சொன்ன?" என்றார் அம்மா. அவன் பதில் சொல்லவில்லை. அம்மா பணப்பையைத் திறந்து இன்னும் மூன்று வாங்கச் சொன்னார்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ரோட்டர்டாமிலிருந்து 20 நிமிடம். வசந்த, கோடை காலங்களில் வியாழக்கிழமை காலை பாலாடைக்கட்டிச் சந்தை கூடும். திடலில் 15ஆம் நூற்றாண்டு நகர மண்டபமும், 1668இல் கட்டிய எடை நிலையமும் இருக்கின்றன. பக்கத்திலேயே 123 மீட்டர் நீளமுள்ள புனித யோவான் தேவாலயம். அதன் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களுக்காகவே ஒரு மணி நேரம் ஒதுக்கலாம்.

ஊருக்குப் பாக்கெட் வாங்கி வந்தால், சூடான தேநீர்க் கோப்பையின் மேல் மூடிபோல் ஓரிரு நிமிடம் வையுங்கள். ஆவியில் பாகு இளகும். நம் ஊர் ஈரக்காற்றுக்குப் பிரித்த பாக்கெட் தாங்காது, காற்றுப் புகாத டின்னில் போட்டுவிடுங்கள். அச்சிலிருந்து எடுத்த சூடானதை மட்டும் அங்கேயே நின்று தின்றுவிடுங்கள். அதைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வர முடியாது.