கம்பும் பருத்தியும் ஒரு கடலை மிட்டாயும்

பதினோராம் வகுப்பு முதல் இடைத்தேர்வில் உயிரியல் தாளில் நான் 50க்கு 17 வாங்கினேன். இதையெல்லாம் ஆண்டு மலரில் எழுத வேண்டுமா என்று அம்மா கேட்டாள். எழுதத்தான் வேண்டும், அந்த 17ஐ மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையைத் தொடங்க முடியாது. வினாக்களில் பாதிக்கு மேல் "உயிர்மூலக்கூறுகள்" பாடத்திலிருந்து வந்திருந்தன. கார்போஹைட்ரேட், புரதம், கொழுப்பு, நியூக்ளிக் அமிலம் ஆகிய நான்கையும் நான் நெட்டுருப் போட்டிருந்தேன். விடைத்தாளைத் திருப்பித் தந்த சிஸ்டர், "ஒவ்வொரு விடையும் பாதியில் கயிறு அறுந்த வாளி மாதிரி நின்றுவிடுகிறதே. மனப்பாடம் அறுந்த இடமா?" என்று கேட்டார்கள். தோழியர் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. கழுகுமலையில் கரிசல் காட்டுக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் நடுவில் பிறந்த எனக்கு, ஆல்ஃபா பிணைப்பும் பீட்டா பிணைப்பும் எந்தக் காலத்தில் உதவப் போகின்றன என்று எண்ணிக்கொண்டேன்.

அது உதவ வேண்டிய காலம் இரண்டு வாரத்திலேயே வந்தது. உதவவில்லை.

ஒரு சனிக்கிழமை, ஆச்சியைக் கண் காட்டக் கோவில்பட்டிக்கு அழைத்துப் போகும் பொறுப்பு எனக்கு விழுந்தது. அம்மாவுக்குத் தீப்பெட்டி ஆபீசில் வேலை. ஆச்சிக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சட்டியிலிருந்து கம்மங்கூழைக் கரைக்க உட்கார்ந்தவளை நான்தான் எழுப்பினேன். "பஸ்ஸு போயிரும் ஆச்சி. கோவில்பட்டியில போயி இட்லி சாப்பிடலாம்" என்றேன். கூழ் சட்டியிலேயே இருந்தது. பேருந்து நிலையத்தில் ஒரு பாக்கெட் கடலை மிட்டாய் மட்டும் வாங்கிக்கொண்டேன்.

பாதி வழி கூடப் போகவில்லை. ஆச்சியின் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. சன்னலோரம் காற்று வீசுகிறது, இவளுக்கு மட்டும் ஏன் வேர்க்கிறது என்று பார்த்தேன். கை நடுங்கியது. "என்ன செய்யுது ஆச்சி?" என்று கேட்டதற்கு, எப்போதோ இறந்துபோன தன் தங்கையின் பெயரைச் சொல்லி என்னை அழைத்து, "மாட்டைப் பிடிச்சுக் கட்டிட்டியா?" என்றாள். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. சர்க்கரை இறங்கிவிட்டது என்பது மட்டும் புரிந்தது. இனிப்புக் கொடுக்க வேண்டும். கையில் இனிப்பு இருக்கிறது! கடலை மிட்டாயை உடைத்து ஆச்சியின் வாயில் வைத்தேன். முன்பற்கள் இல்லாத ஆச்சி அதை மெல்ல முடியாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். நான் இன்னொரு துண்டை உடைத்தேன்.

பின் இருக்கையிலிருந்த ஓர் அம்மாள் எட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அதக் குடுக்காத தாயி, தொண்டையில சிக்கிரும். சீனித்தண்ணி குடுக்கணும்" என்று சொல்லி, ஆச்சி வாயிலிருந்ததை விரலால் எடுத்துவிட்டார். நடத்துநர் ஒரு டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்தச் செய்தார். கடைக்காரர் ஒரு தம்ளரில் சீனியைக் கொட்டிக் கலக்கிக்கொண்டு ஓடிவந்தார். நல்ல வேளையாக ஆச்சிக்கு விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்தது. மடக்கு மடக்காகக் குடித்தாள். கால் மணி நேரம் போல ஆயிற்று. பிறகு என் முகத்தைப் பார்த்து, என் பெயரைச் சொல்லி, "ஏட்டி, எதுக்கு அழுத?" என்றாள்.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. சாப்பிட விடாமல் கிளப்பியது என் குற்றம். அதில் இரண்டாம் பேச்சு இல்லை. ஆனால் இன்னொரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. வெல்லமும் சீனிதானே? கடலை மிட்டாயில் பாதி வெல்லம். அது ஏன் ஆகாது, தம்ளர் சீனித்தண்ணீர் ஏன் ஆகும்?

திங்கட்கிழமை சிஸ்டரிடம் கேட்டேன். அவர்கள் விடை சொல்லவில்லை. "மிச்ச மிட்டாய் இருக்கிறதா? நாளைக்குக் கொண்டு வா. கூடக் கொஞ்சம் கம்மங்கூழும், உங்கள் காட்டுப் பருத்தி ஒரு கையளவும்" என்றார்கள்.

மறுநாள் மாலை ஆய்வகத்தில் நாங்கள் இருவர் மட்டும். முதலில் கூழின் மேல் ஒரு சொட்டு அயோடின் கரைசல் விட்டேன். விட்ட இடம் கருநீலமாயிற்று, மழை பெய்து நனைந்த கரிசல் போல. அடுத்துப் பருத்தி. அயோடின் அதில் தன் பழுப்பு நிறத்திலேயே ஊறி நின்றது. நீலம் வரவே இல்லை.

"இரண்டும் ஒரே சரக்கு. தெரியுமா?" என்றார்கள் சிஸ்டர். கம்பிலிருக்கும் ஸ்டார்ச்சும் குளுக்கோஸ். பருத்தியிலிருக்கும் செல்லுலோஸும் குளுக்கோஸ். 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன் சேர்ந்த அதே சின்ன மூலக்கூறுதான் ஆயிரக்கணக்கில் கோத்துக்கொண்டு ஒரு பக்கம் கம்பாகவும் ஒரு பக்கம் பஞ்சாகவும் நிற்கிறது. கோக்கும்போது தண்ணீர் ஒவ்வொன்றாகக் கழன்று போகும். கோத்த விதத்தில்தான் வேறுபாடு. ஸ்டார்ச்சில் எல்லா மணியும் ஒரே பக்கம் பார்த்துக் கோத்திருப்பதால் சரம் சுருண்டு சுருள் கம்பியாகிறது. அந்தச் சுருளுக்குள் அயோடின் போய் உட்காரும்போதுதான் நீலம் தெரிகிறது. அது ஆல்ஃபா பிணைப்பு. செல்லுலோஸில் ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாகத் திரும்பியிருக்கும். அதனால் சரம் நேராக நீளும். பக்கத்துச் சரத்தோடு ஒட்டிக்கொண்டு இழையாகும். அது பீட்டா. அயோடின் உட்கார அங்கே இடம் இல்லை.

17 மதிப்பெண் தாளில் நான் பாதியில் விட்ட விடை இதுதான்.

நம் உமிழ்நீரிலும் குடலிலும் இருக்கும் நொதிகளுக்கு ஆல்ஃபா பிணைப்பை அறுக்கத் தெரியும். பீட்டாவை அறுக்கத் தெரியாது. ஆகவே கம்பு நமக்குச் சோறு, பருத்தி நமக்குச் சேலை. பஞ்சில் 100க்கு 90 பங்குக்கு மேல் செல்லுலோஸ் இருந்தும், பசித்தவன் அதைத் தின்று பசியாற முடியாது. ஆடு மாடுகள் மட்டும் எப்படித் தட்டையையும் தாளையும் தின்று வாழ்கின்றன என்று கேட்டேன். அவற்றுக்கும் அந்தக் கலை தெரியாதாம். முன்வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் அறுத்துப் பிரிக்கின்றன; அவை உண்டாக்கும் அமிலங்களைக் கொண்டு ஆடு பிழைக்கிறது. எங்கள் வீட்டு வெள்ளாடு என் கணக்கு நோட்டைத் தின்றபோது அதற்குள் இத்தனை கூட்டு வேலை நடந்திருக்கிறது.

பிறகு மிட்டாயை எடுத்தோம். கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்ததை எல்லோரும் அறிவீர்கள். எனக்கு அது அன்று வேறு வகையில் பெருமை சேர்த்தது, ஏனென்றால் பாடத்தின் மூன்று தலைப்பு ஒரு துண்டுக்குள் அடங்கியிருந்தது. ஒரு கடலைப் பருப்பைத் தாளில் வைத்து நசுக்கினேன். தாளை விளக்குக்கு நேரே பிடித்தால், ஈரம் காய்ந்த பிறகும் எண்ணெய்ப் பொட்டு ஒளி விடுகிறது, அது கொழுப்பு. பருப்பை அரைத்துக் காரமும் துளி மயில்துத்தக் கரைசலும் சேர்த்தால் ஊதா, அது புரதம். வெல்லத்தைக் கரைத்துப் பெனடிக்ட் கரைசலோடு சூடாக்கினால் செங்கல் நிறம். இதில் ஒரு வேடிக்கை: கடைச்சீனி இந்தச் சோதனைக்கு மசியாது. அது சுக்ரோஸ், அதாவது குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கைகோத்தது. வெல்லத்தில் கொஞ்சம் சுக்ரோஸ் ஏற்கெனவே பிரிந்து கிடப்பதால்தான் நிறம் காட்டுகிறது.

"இப்போது உன் கேள்விக்கு நீயே விடை சொல்" என்றார்கள் சிஸ்டர். எண்ணெய்ப் பொட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். கடலைப் பருப்பில் கிட்டத்தட்டப் பாதி எண்ணெய். கொழுப்பு உள்ளே போனால் வயிறு தன் சரக்கைக் குடலுக்கு மெதுவாகத்தான் தள்ளும். வெல்லத்தின் சர்க்கரையும் அதோடு சேர்ந்து காத்துக்கிடக்க வேண்டும். அதுவும் மென்று விழுங்கினால்தானே! ஆச்சியின் மூளைக்கு அந்த நேரம் காத்திருக்க நேரம் இல்லை. கரைத்த சீனியோ மெல்ல வேண்டாம், எண்ணெயோடு மல்லுக்கட்ட வேண்டாம். குடலில் ஒரே ஒரு வெட்டில் பிரிந்து இரத்தத்தில் ஏறிவிடும். நேராகக் குளுக்கோஸ் பொடியே இருந்தால் அந்த ஒரு வெட்டும் மிச்சம். சிஸ்டர் மேலும் சொன்னதை வீட்டில் சர்க்கரை நோயாளி உள்ள தோழியர் குறித்துக்கொள்ளலாம். 15 கிராம் அளவு, அதாவது மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் பொறுத்துப் பார்த்து, தேறாவிட்டால் மறுபடியும் கொடுக்க வேண்டும். தெளிந்த பிறகு சாப்பாடு. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மருத்துவமனைக்குத்தான் கொண்டு ஓட வேண்டும்.

புரதத்தைச் சொல்ல அவர்கள் என் சடையைப் பிடித்துக் காட்டினார்கள். தீக்குச்சி மருந்தைக் குச்சியோடு ஒட்டவைக்கப் போடும் வஜ்ரம், மாட்டுத்தோல், எலும்பு இவற்றிலிருக்கும் கொலாஜன் என்ற புரதத்தைக் காய்ச்சி எடுப்பது. அந்தக் கொலாஜன் மூன்று கால் எடுத்து முறுக்கிய சடை போன்றது என்று 1954, 1955 ஆண்டுகளில் கண்டு சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். ஆச்சியின் உடம்பில் குறையும் இன்சுலினும் ஒரு புரதம்தான். 51 அமினோ அமிலங்கள், இரண்டு சரங்கள், இடையிடையே கந்தகக் கொக்கிகள். அந்த 51உம் எந்த வரிசையில் நிற்கின்றன என்று ஃபிரடெரிக் சாங்கர் 1955இல் முடித்தார். அது எப்படி மடிந்து கிடக்கிறது என்பதைக் கண்டவர் டோரதி ஹாட்ஜ்கின் என்ற அம்மையார். 1930களின் நடுவில் இன்சுலின் படிகத்தைப் படமெடுக்கத் தொடங்கியவர் 1969இல்தான் முடித்தார். நடுவில் 1964இல் வேறு மூலக்கூறுகளுக்காக நோபல் பரிசே வாங்கிவிட்டார்; கை மூட்டுகளை வாதம் முடக்கியிருந்தது; இன்சுலினை விடவில்லை. இரண்டு வாரத்தில் பாடத்தை வெறுத்த எனக்கு அதைக் கேட்கக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

கந்தகம் என்றதும் எனக்கு அம்மாவின் ஆபீஸ் நினைவுக்கு வந்தது. தீக்குச்சி மருந்தில் இருக்கும் அதே கந்தகம்தான். பெட்டியின் பக்கவாட்டில் தடவும் பாஸ்பரஸ், நம் டி.என்.ஏ. இழையின் முதுகெலும்பிலும் இருக்கிறது. ஆச்சியின் மாத்திரை அட்டையைக் காட்டினேன். சிஸ்டர் பெயரைப் படித்துவிட்டு, "இது சல்ஃபோனைல்யூரியா வகை" என்றார்கள். பெயரிலேயே கந்தகமும் யூரியாவும் இருக்கின்றன! யூரியா என்றால் எங்கள் தொழுவத்தில் மூட்டையாகக் கிடக்கும் அதே பெயர். உயிருள்ளவற்றால்தான் இத்தகைய பொருள்களை ஆக்க முடியும் என்று பலர் நம்பியிருந்த காலத்தில், 1828இல் ஃபிரடெரிக் வோலர் அதை உப்பிலிருந்து குடுவையில் செய்து காட்டினார். (உடனே யாரும் உர மூட்டையை மருந்தென்று எண்ணிவிட வேண்டாம். மாத்திரையில் அது வேறு பல அணுக்களோடு பின்னிக் கிடப்பது, வேலையே வேறு.) இந்த வகை மாத்திரை கணையத்தை உந்தி இன்சுலினைச் சுரக்க வைக்கும். கூழ் வயிற்றுக்குள் போயிற்றா, சட்டியிலேயே இருக்கிறதா என்று அது பார்க்காது. அந்தச் சனிக்கிழமை நடந்தது அதுதான்.

அன்று வீட்டுக்குப் போனபோது ஆச்சி அடுப்பில் பருத்திமாரை ஒடித்து வைத்துக் கம்பு காய்ச்சிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அடுப்பில் எரிவதிலும் பெரும்பகுதி குளுக்கோஸ், பானையில் கொதிப்பதிலும் குளுக்கோஸ் என்று சொன்னேன். ஆச்சி நம்பவில்லை.

"கம்புலயும் சீனிதான்னா, டாக்டரு எதுக்குட்டி அரிசியக் குறைச்சுக் கம்பத் திங்கச் சொன்னாரு?"

நல்ல கேள்வி. தேர்வில் கூட யாரும் இப்படிக் கேட்கவில்லை. கம்பில் நார் கூடுதல், அதாவது நம்மால் அறுக்க முடியாத சரங்கள். அவற்றின் நடுவே மாவு மெதுவாகப் பிரிகிறது, சர்க்கரை மெதுவாக ஏறுகிறது என்றேன். "அதுக்காக ரெண்டு சட்டி குடிக்கக் கூடாது ஆச்சி, 100 கிராம் கம்புல 60 கிராமுக்கு மேல மாவுதான்."

"ரெண்டு சட்டியா! ஒரு சட்டியவே குடிக்க விடாம இழுத்துட்டுப் போனவ நீ" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் என் தலையில் கை வைத்து, "போட்டும்" என்றாள்.

நான் காகிதத்தில் மடித்து வைத்திருந்த சீனிப் பொட்டலத்தைக் கொடுத்து, எப்போதும் மடியில் இருக்க வேண்டும் என்றேன். சுருக்குப்பையில் வெற்றிலைக்கும் பாக்குக்கும் நடுவில் அதைத் திணித்துக்கொண்டாள். பிறகு, "பஸ்ஸுல என் வாயிலருந்து பிடுங்குனீங்களே அந்த மிட்டாயி, அது என்னாச்சு?" என்று கேட்டாள்.

சோதனைக்குப் போக ஒரு துண்டு மீதி இருந்தது. அதன் ஓரத்தில் நகக்கண் அளவு கிள்ளி, அம்மியில் வைத்துப் பொடித்துக் கொடுத்தேன்.