தஞ்சைப் பீரங்கி மேடு

தஞ்சைக்கு யாத்திரை செல்லும் அன்பர்களில் பலர் பெரிய கோயிலைத் தரிசித்ததும் ரயிலேறி விடுகிறார்கள். நாம் கீழவாசலுக்கும் சென்றோம். அங்கே பழைய கோட்டை மதிலின் மேல் இராட்சத பீரங்கி ஒன்று கிடக்கிறது. நீளம் சுமார் 25 அடி; எடை ஏறக்குறைய 22 டன் என்பது நிபுணர் மதிப்பு.

வெள்ளைக்காரர் விட்டுச் சென்ற சாமானோ என்று பார்ப்பவருக்கு ஐயம் எழலாம். அதற்கு இரும்பே விடை சொல்கிறது. உருக்கி அச்சில் வார்த்த பீரங்கியில் மூட்டு இராது. இதிலோ நீண்ட இரும்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கி, வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுவது போல், காய்ச்சிய வளையங்களை மாட்டி இறுக்கியிருக்கிறார்கள். ஆறியதும் வளையம் சுருங்கிக் கவ்விக்கொள்ளும். இரகுநாத நாயக்கர் ஆண்ட 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பியர் பெரும்பாலும் வார்ப்புப் பீரங்கிகளுக்கே மாறிவிட்டனர். ஆகவே இது நம் கொல்லர்களின் கைவேலையே. 2004-ஆம் ஆண்டில் வெளியான உலோக ஆராய்ச்சியும் அவ்வாறே கூறுகிறது.

இத்தனை இரும்பை உலையிலிட்டு அடித்து இணைத்தவர்களின் பெயர் நமக்குக் கிட்டவில்லை; வேலை மட்டும் நிற்கிறது. தஞ்சை செல்வோர் குழந்தைகளையும் அங்கே அழைத்துச் செல்லுங்கள். மேலே ஏறிப் பெயரைக் கீறாமல், அவ்வளையங்களை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.